புதுப்பிப்பு: குளிர்காலத்தில் நிறுத்திய போர்ஷே 911, பேட்டரி நிலவரம்

டொராண்டோ குளிரில் என் 997-ஐ (911-இன் ஒரு தலைமுறை) வசந்தம் வரை நிறுத்தும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றுவதா, சார்ஜரில் போடுவதா என்று முன்பு கேட்டிருந்தேன். சரி, சார்ஜரில்தான் போட்டேன். பூட்டி நிற்கும்போதும் அலாரம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும்.

பழைய ட்ரிக்கிள் சார்ஜர் வேண்டாம் என்றவர்களுக்கு நன்றி. பேட்டரி நிறைந்த பிறகும் அது ஏற்றிக்கொண்டே இருக்கும். தானியங்கி வகை சுமார் 13.5 வோல்ட்டுக்கு இறங்கி அங்கேயே தாங்கிப் பிடிக்கிறது. சார்ஜரை எடுத்து, ஓர் இரவு விட்டு அளந்தேன்: 12.7 வோல்ட். முழு சார்ஜ்.

அப்புறம், 997 வைத்திருப்பவர்கள் கவனிக்க: பேட்டரி முன் பானெட்டுக்குள் இருக்கிறது, அந்தப் பானெட் திறப்பதோ மின்சாரத்தில்! பேட்டரி செத்தால் ஃபியூஸ் பெட்டியிலுள்ள சிவப்பு முனையை இழுத்து, வேறு பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துத்தான் திறக்க வேண்டும். டயர் நிலவரம் வண்டியை ஓட்டிப் பார்த்ததும் எழுதுகிறேன்.