டைட்டனில் இறங்கப் போகும் நால்வருக்காக ஓர் உதவி

வணக்கம் நண்பர்களே. ஆறு மாதமாக ஓர் அறிவியல் புனைகதை எழுதி வருகிறேன். சனிக்கோளின் நிலவான டைட்டனில் கலம் பழுதாகி நான்கு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். வெளியே போய் பனிக்கட்டி வெட்டி வந்தால்தான் குடிக்கத் தண்ணீர், மூச்சுவிட ஆக்சிஜன் எல்லாம். அந்த முதல் பயணத்துக்கு அவர்கள் தயாராகும் இடத்தில் என் கதை நின்றுவிட்டது.

அங்கே குளிர் மைனஸ் 179 டிகிரி. ஆனால் காற்றழுத்தம் பூமியைப் போல ஒன்றரை மடங்கு என்பதால், காற்றடைத்த விண்வெளி உடை தேவையில்லை. உடம்புச் சூடு காக்கும் உடையும் மூச்சுக்கருவியும் போதும். 2005 ஜனவரி 14 அன்று அங்கு இறங்கிய ஹைகன்ஸ் என்ற ஆளில்லா ஆய்வுக் கலத்தின் சூட்டில், அடியில் இருந்த ஈரத்தரையிலிருந்து மீத்தேன் ஆவியாகக் கிளம்பியது. அப்படியென்றால் இவர்கள் காலடியிலும் அதுதானே நடக்கும்? காலணியின் அடிப்பகுதியை எப்படி அமைப்பது?

திரவ நைட்ரஜனோடு வேலை செய்பவர்கள் இங்கே இருப்பீர்கள். முக்கியமாக, சினை ஊசிக்கான உறைவிந்துக் குடுவைகளைக் கையாளும் கால்நடை மருத்துவர்கள். அதன் குளிர் மைனஸ் 196 டிகிரி, டைட்டனைவிடவும் அதிகம். அதில் பட்ட ரப்பர், பிளாஸ்டிக், துணி எல்லாம் என்ன ஆகும்? எது முதலில் நொறுங்கும்? கையுறையோடு மூடி திறக்கும்போது விரல்களுக்கு என்ன தோன்றும்?

அப்புறம், சியாச்சினிலோ அண்டார்டிகாவிலோ பணி செய்தவர்கள் யாராவது இருந்தால், வெளியே கிளம்பும் முன் ஒருவரை ஒருவர் எப்படிச் சோதித்துக்கொள்வீர்கள் என்று சொல்லுங்கள். சின்ன விவரமானாலும் சரி, எனக்கு அது பெரிய உதவி.