கைக்குழந்தையோடு ஜப்பான்: ஐந்து ஊரா, ஒரே ஊரா?

கயல்அம்மா:
9 மாத மகளோடு ஜப்பான் போய் வந்தோம். டோக்கியோ, கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா என்று 10 நாள் திட்டம். மூன்றாம் நாள் கியோட்டோவில் மீதியை எல்லாம் ரத்து செய்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டோம். கைக்குழந்தையோடு போகிறவர்கள் ஒரே ஊரில் இருங்கள் என்றுதான் சொல்வேன்.

ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே இரவு 9 மணிக்குத் தூங்குகிறவள் அங்கே 12.30க்குத்தான் கண்ணை மூடினாள். காலை 7 மணிக்கு எழுப்பினால் அவள் உடம்புக்கு அது விடிகாலை 3.30. இரண்டு நாள் அப்படி எழுப்பினோம். மூன்றாம் நாள் ஃபுஷிமி இனாரி கோயில் படியில் அவர் ஸ்ட்ரோலரைத் தூக்க, நான் அலறுகிற பிள்ளையைத் தூக்க, தலைக்கு மேல் வரிசையாக நின்ற சிவப்பு வளைவுகளில் ஒன்றைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஊர்சுற்றி:
உங்கள் கஷ்டம் புரிகிறது, முடிவுதான் ஏற்க முடியவில்லை. எங்களுக்கு வருஷத்துக்கு 12 நாள்தான் லீவு. இவ்வளவு டிக்கெட் காசு கொடுத்துப் போய் ஒரே ஊரில் உட்கார மனசு வராது. 11 மாத மகனோடு நான்கு ஊர் பார்த்தோம். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் புல்லட் ரயிலில் இரண்டே கால் மணி நேரம், அவனுக்கு ஒரு நல்ல தூக்கம். 11ஆம் பெட்டியில் ஒரு தனி அறை உண்டு. நடத்துநரிடம் கேட்டால் திறந்துவிடுவார், பால் கொடுக்கலாம். நீங்கள் திணறியது வேகத்தால் அல்ல, ஸ்ட்ரோலரால். படி உள்ள இடத்துக்கு பேபி கேரியர்தான் சரி.

கயல்அம்மா:
கேரியர் விஷயம் சரி, என் தப்புதான். ஆனால் ரயிலை விட்டு இறங்கியதும்? ராத்திரிக்கு ராத்திரி புது அறை, புதுப் படுக்கை. என் மகள் அதில்தான் உடைந்துபோனாள்.

தங்கிய பிறகு தினமும் சாயங்காலம் காமோ ஆற்றங்கரைக்குப் போனோம். தெமாச்சியானகி பக்கம் ஆற்றைக் கடக்க ஆமை வடிவில் கல் போட்டிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் அதில் தாவிப் போவார்கள், இவள் மடியில் இருந்தபடியே காலை உதைப்பாள். அங்கே பருந்துகள் கையில் இருக்கிற தின்பண்டத்தையே பறித்துக்கொண்டு போகும், நம் ஊர் வானத்தில் சுற்றுகிற அதே பருந்துதான். நான்காம் நாள் ஒன்று தாழப் பறந்தபோது இவள் கையை நீட்டி, ஒற்றை விரலால் அதைக் காட்டினாள். அதுவரை எதையும் சுட்டிக் காட்டியதில்லை. நான் இன்னும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒசாகாவாசி:
இங்கே வேலை பார்ப்பவன் என்ற முறையில் காசுக் கணக்கை மட்டும் சொல்கிறேன். ஒருமுறை காசு கட்டி 7 நாளும் ஊர் ஊராகப் போகிற ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆகிவிட்டது. டோக்கியோ–கியோட்டோ போய்வரத் தனி டிக்கெட் சுமார் 28,000 யென்தான். பாஸ் வாங்கிவிட்டால் போட்ட காசை எடுப்பதற்காகவே ஊர் ஊராக ஓட வேண்டியிருக்கும். ஊரிலிருந்து வருகிற நண்பர்கள் குழந்தையை இழுத்துக்கொண்டு அலைவதற்குப் பாதிக் காரணம் இந்த பாஸ்தான்.

ஊர்சுற்றி:
கணக்கு நியாயம். இருந்தாலும் நாங்கள் போனது காசுக்காக இல்லை. கூட வந்த அப்பாவுக்கு 71 வயது, பள்ளியில் ஹிரோஷிமா பாடம் நடத்தியவர். அணுகுண்டில் சிதைந்து நிற்கிற அந்தக் கட்டடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு ரொம்ப நாள் ஆசை. பேரன் தூங்கவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

கயல்அம்மா:
ஐயாவை நிச்சயம் கூட்டிப்போயிருக்க வேண்டியதுதான். ஆனால் கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமா ரயிலில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. நீங்களும் அப்பாவும் காலையில் போய் ராத்திரி திரும்பியிருக்கலாமே, குழந்தை அதே அறையில் தூங்கியிருப்பான்.

ஊர்சுற்றி:
அப்படியென்றால் அறையில் இருப்பது யார்? என் மனைவிதான். அவளும் ஹிரோஷிமா பார்க்கத்தான் வந்தாள். மெதுவாகப் போகலாம் என்று சொல்கிற வீடுகளில் எல்லாம் பின்தங்குவது அம்மாதான் அக்கா, எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

கயல்அம்மா:
அதை நான் யோசிக்கவில்லை, தம்பி. நாங்கள் மூன்று பேருமே தங்கினோம்.