சனிக்கிழமை நந்தனம் போறவங்க இருக்கீங்களா?

வணக்கம் மக்களே. சனிக்கிழமை ராத்திரி நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துல, நான் உயிரா நினைக்கிற ராக் பேண்டு வாசிக்கிறாங்க. ஒரே பாட்டை ரெண்டு தடவை ஒரே மாதிரி வாசிச்சதே இல்ல. நம்ம கச்சேரி மனோதர்மம் மாதிரிதான்; அஞ்சு நிமிஷப் பாட்டு இருபது நிமிஷம் விரியும். அன்னைக்குப் பிறந்த இசை அன்னைக்கே காத்துல போயிடக் கூடாதுன்னு பதிவு பண்ண அனுமதி வாங்கிட்டேன். (அமெரிக்க ராக் பேண்டு கிரேட்ஃபுல் டெட் 1984லயே இதுக்குன்னு ரசிகர்களுக்குத் தனி இடம் ஒதுக்கினாங்க!)

கையடக்க ரெக்கார்டர்தான் இருக்கு. திறந்த மைதானத்துல எங்க நின்னா பேஸ் இரையாம, கிட்டார் தெளிவா விழும்? சவுண்ட் இன்ஜினியர் உக்கார்ற மிக்ஸர் மேஜைக்கு முன்னாடியா, பின்னாடியா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

முடிய பதினொண்ணு தாண்டிடும். தாம்பரம் பக்கம் பைக்ல திரும்புறவங்க கூட்டிட்டுப் போவீங்களா? ஹெல்மெட் கொண்டு வர்றேன்.