பிடித்த புத்தகம் வகுப்பறைக்குள் வந்தபோது: அறிவியல் ஆசிரியர்களின் அனுபவப் பகிர்வு

இயற்பியல் ஆசிரியர், பதினோராம் வகுப்பு

அமெரிக்க இயற்பியலாளர் ஃபெய்ன்மனின் நினைவுக் குறிப்பு நூலில், அவர் பிரேசிலில் பாடம் நடத்திய அத்தியாயத்தைப் படித்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். படிகங்களை நசுக்கினால் ஒளி தோன்றும் என்ற வரையறையோடு நின்றுவிட்ட பாடநூலைக் காட்டி, இருட்டறையில் சர்க்கரைக் கட்டியைக் குறடால் நசுக்கிப் பார்க்கச் சொல்லியிருந்தால் அதுதான் அறிவியல் என்று அவர் வாதிடுவார். கண்ணால் கண்ட பிறகே பெயரைச் சொல்வது என்ற என் வழக்கம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. ஆய்வகச் சன்னல்களை அடைத்துவிட்டுக் கற்கண்டை நசுக்கினேன்; நீலமாக ஒரு மின்னல் தெரிந்ததும் வகுப்பே கூச்சலிட்டது. விளக்கைப் போட்டவுடன் முதல் வரிசை மாணவன், "சார், இதைப் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்வார்களா?" என்று உண்மையான கவலையோடு கேட்டான். அந்த முகம் இன்னும் என்னை விடவில்லை.

எட்டாம் வகுப்பு ஆசிரியை

எனக்குப் பிடித்தது ஆங்கிலேய விஞ்ஞானி ஃபாரடேயின் மெழுகுவர்த்தி உரைகள். 1860ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்காக அவர் தொடங்கிய ஆறு உரைகள் அவை. புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியபோது, கட்ட வந்த நூல்களைப் படித்தே அறிவியலுக்குள் நுழைந்தவர் என்பதாலோ என்னவோ, தெரியாதவனின் பக்கத்தில் நின்று பேசுகிறார். அணைந்த திரியின் புகையில் தீக்குச்சியைக் காட்டினால் சுடர் தாவிவந்து திரியைப் பற்றும் சோதனைக்காக, ஒரு சிறுமியை மெழுகுவர்த்தியை ஊதச் சொன்னேன். "விளக்கை வாயால் ஊதக் கூடாது என்று ஆத்தா சொல்லும் டீச்சர்" என்று மறுத்துவிட்டு, அவளாகவே கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தாள். சுடர் சுருங்கி அணைவதற்குள் தம்ளரின் உட்புறம் மங்கலாக வியர்த்திருந்தது. "நெருப்புக்குள் தண்ணீர் எப்படி வந்தது?" என்று கேட்டாள். ஃபாரடேயின் மூன்றாம் உரையே அதுதான்! நான் திட்டமிட்ட சோதனையை அன்று செய்யவேயில்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

இயற்பியல் ஆசிரியர் ஐயாவோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த மாணவன் கேட்டது நியாயமான கேள்வி. பொதுத்தேர்வை எதிர்கொள்ளப் போகிறவன் அவன், ஃபெய்ன்மன் அல்ல. புத்தகத்திலிருந்து சோதனையை மட்டும் எடுத்துக்கொண்டால் அது வேடிக்கையாக முடிந்துவிடும். எனக்கு வழிகாட்டியது குஜராத்திக் கல்வியாளர் கிஜுபாய் பதேக்காவின் 'பகல் கனவு'. அதில் வரும் ஆசிரியரின் அமைதி விளையாட்டு முதல் நாளே பலிக்காமல் போகிறது. அவர் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் கதையோடு வருகிறார். என் முதல் பள்ளியில் நானும் கதையில்தான் தொடங்கினேன், வகுப்பு அடங்கியது.

ஆகவே ஒன்று சொல்கிறேன். கற்கண்டை நசுக்கும் முன் பிள்ளைகளைச் சில நிமிடம் இருட்டிலேயே உட்காரவையுங்கள். கண் பழகினால்தான் அந்த மங்கிய ஒளி எல்லோருக்கும் தெரியும். தெறிக்கும் துண்டுகளுக்காகக் கண்ணாடி அணியச் செய்யுங்கள். பிறகு அவர்கள் கண்டதை அவர்களின் சொற்களிலேயே எழுதவிட்டு, உடையும் படிகத்தில் மின்னூட்டங்கள் பிரிவதையும், அதனால் காற்றிலுள்ள நைட்ரஜன் ஒளிர்வதையும் கடைசியில் விளக்குங்கள். அதன்பின் பாகம் குறிப்பதும் பொருளுள்ள வேலையாகிவிடும். டீச்சர் அந்தச் சிறுமியைப் பின்தொடர்ந்தது போல, திட்டத்தைக் கைவிடவும் பழகுங்கள்.

வேதியியல் ஆசிரியை

ஐயா, தேர்வைச் சொல்லிக் கேள்வியைத் தள்ளிவைத்தால் என்ன ஆகும் என்பதை, கேள்வி கேட்டதற்காக ஆசிரியர்களிடம் அடிபட்டு உயிரையே இழக்கும் மாணவியைப் பற்றிய இரா. நடராசனின் 'ஆயிஷா' கதையைப் படித்த நாம் அறிவோம். அதை வகுப்பில் வாசித்து முடித்தபோது ஒரு மாணவி, "அடிக்கிறார்கள் என்று தெரிந்தும் கதையைச் சொல்கிற அந்த மிஸ் ஏன் மற்ற டீச்சர்களிடம் பேசவில்லை?" என்று கேட்டாள். அந்த வாரமே கதையை ஆசிரியர் அறையிலும் உரக்க வாசித்தேன். சிலர் எழுந்து போய்விட்டார்கள். இருந்தவர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.