புது ரவுட்டர் மாத்துனதுலேருந்து வைஃபை ஸ்லோ, ரவுட்டர் பக்கத்துலயே 94 எம்பிபிஎஸ்தான் வருது – உதவி ப்ளீஸ்

செங்காங் அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் செங்காங்ல 4 ரூம் வீடு எங்களது. போன வாரம் கான்ட்ராக்ட் புதுப்பிச்சப்ப 1 ஜிபிபிஎஸ் பிளானும் புது வைஃபை 6 ரவுட்டரும் குடுத்தாங்க. பழைய ரவுட்டர்ல ஹால்ல 400, 450 வந்துகிட்டு இருந்துச்சு, இப்ப ரவுட்டர் பக்கத்துலயே ஃபோன வச்சு டெஸ்ட் பண்ணாலும் 93, 94, அதுக்கு மேல ஏற மாட்டேங்குது, அம்மா ரூமுக்குப் போனா 6 இல்லனா 7. அம்மா தெனம் ராத்திரி மன்னார்குடில இருக்கிற பெரியம்மாகூட வீடியோ கால் பேசுவாங்க, நாலு நாளா படம் அப்படியே ஒறஞ்சு நிக்குது, குரல் மட்டும் விட்டு விட்டு வருது, "அவ ஏதோ சொன்னா, என்னன்னு வெளங்கலடா"ன்னு ஃபோன வச்சுட்டு சும்மா உக்காந்திருக்காங்க. ரீஸ்டார்ட் பண்ணாச்சு, ரீசெட் பண்ணாச்சு, ஹாட்லைனுக்குக் கூப்ட்டா எங்க பக்கம் எல்லாம் நல்லாத்தான் இருக்குங்கறாங்க. ரவுட்டரே கோளாறா?

தெம்பனிஸ் தம்பி:
ப்ரோ, வைஃபை சேனல், அதாவது சிக்னல் போற அலைவரிசைய மாத்திப் பாருங்க. பிளாக்ல சுத்தி எல்லார் வீட்டு வைஃபையும் வரும், 2.4 கிகாஹெர்ட்ஸ் ரொம்ப நெரிசல். 5 கிகாஹெர்ட்ஸ்ல சேனல் 36 இல்லனா 149 வச்சுட்டு ஆட்டோவ எடுத்துடுங்க. எனக்கு அதுல சரியாச்சு.

கேபிள் அண்ணன்:
தம்பி சொல்றது நல்ல யோசனைதான், ஆனா அதுக்கு முன்னாடி அந்த 94ங்கற நம்பரப் பாருங்க. வைஃபைனா ஏறி எறங்கும், 120 வரும், 80 வரும், பக்கத்துல போனா 300 தாண்டும். இப்படி 93, 94ல வந்து கோடு போட்ட மாதிரி நிக்குதுன்னா எங்கயோ ஒரு கேபிள் 100 எம்பிபிஎஸ்ல மாட்டிகிட்டு இருக்குன்னு அர்த்தம், 100ல ஓவர்ஹெட், அதாவது டேட்டாகூடவே போற கூடுதல் தகவல் போக நம்ம டெஸ்ட்ல தெரியறது அந்த 94. லேன் கேபிளுக்குள்ள எட்டு கம்பி, நாலு ஜோடி. 1 ஜிபிபிஎஸ் போகணும்னா நாலு ஜோடியும் வேணும், 100க்கு ரெண்டு ஜோடி போதும், அதனால மிச்ச ரெண்டு ஜோடில ஒரே ஒரு கம்பி விட்டுப்போனாலும் ரவுட்டர் சத்தமில்லாம 100க்கு எறங்கிடும், லைட்டும் எரியும், நெட்டும் வரும், யாருக்கும் சந்தேகமே வராது. நான் வேலைக்குப் போற வீடுகள்ல திரும்பத் திரும்பப் பாக்குறது இதுதான்.

சுவத்துல ஃபைபர் வர்ற பெட்டி, அதுலேருந்து ஓஎன்டி, அதாவது ஃபைபர்ல வர்ற நெட்ட லேன் கேபிளுக்கு மாத்துற டப்பா, ஓஎன்டிலேருந்து ரவுட்டர். அந்தக் கடைசி கேபிள் புதுசா பழசா? ரவுட்டர் செட்டிங்ஸ் பேஜ்ல வேன் போர்ட் (ஓஎன்டி கேபிள் சொருகுற எடம்) ஸ்பீடு என்ன காட்டுதுன்னும் பாத்துச் சொல்லுங்க. சுவத்துலேருந்து ஓஎன்டிக்கு வர்ற மெல்லிசு வயர மட்டும் தொடாதீங்க, உள்ள கண்ணாடி இழை, மடிஞ்சா ஆள் வந்துதான் மாத்தணும்.

செங்காங் அப்பா:
அண்ணே, வேன் 100 ஃபுல் டூப்ளெக்ஸ்னு காட்டுது! கேபிள் பழசுதான், புது டப்பால வந்தது ரொம்பக் குட்டையா இருந்ததால டிராயர்ல கெடந்தத எடுத்து மாட்டுனேன். தூசியத் தொடச்சு டார்ச் அடிச்சுப் பாத்தா "கேட்.5"ன்னு பழைய கேபிள் ரகம்தான் அச்சடிச்சிருக்கு, அதுக்கப்புறம் வந்த 5ஈ இல்ல. ஒரு பக்கம் கிளிப் ஒடஞ்சு போயிருக்கு, தொட்டாலே ஆடுது.

கேபிள் அண்ணன்:
அப்ப அதேதான். கேட் 6 ஒண்ணு வாங்குங்க, வீட்டுக்கு அது தாராளம், கேட் 8லாம் வேண்டாம். மாத்துனதும் ஓஎன்டியவும் ரவுட்டரையும் ஆஃப் பண்ணி ரெண்டு நிமிஷம் விட்டு, மொதல்ல ஓஎன்டி, லைட்டு நின்னு எரிஞ்சப்புறம் ரவுட்டர்னு ஆன் பண்ணுங்க.

உட்லண்ட்ஸ் அக்கா:
அம்மா ரூம்ல 6, 7 வர்றது வேற கதைன்னு தோணுது தம்பி, கேபிள் மட்டும்னா அங்கயும் அம்பது அறுபதாவது வரணும். நடுவுல பாம் ஷெல்டர், அதான் வீட்டுக்குள்ளயே கட்டியிருக்கிற பாதுகாப்பு அறை, இருக்கா? எங்க வீட்ல அதுதான் பிரச்சன. கம்பி கட்டுன கெட்டிக் கான்கிரீட், கதவு இரும்பு, 5 கிகாஹெர்ட்ஸ் அதத் தாண்டி வர்றதுக்குள்ள செத்துடும். கேபிள் விடலாம்னு அந்தச் சுவத்த மட்டும் ஒடச்சிடாதீங்க, அனுமதி இல்ல. ரவுட்டர எங்க வச்சிருக்கீங்க?

செங்காங் அப்பா:
ஆமாக்கா, ஹாலுக்கும் அம்மா ரூமுக்கும் நடுவுல ஷெல்டர்தான். பழைய ரவுட்டர் டிவி மேல ஷெல்ஃப்ல இருந்துச்சு, புதுசு பெருசா இருக்கேன்னு டிவி கேபினட்டுக்குள்ள வச்சு கதவ மூடிட்டோம்.

உட்லண்ட்ஸ் அக்கா:
வெளிய எடுங்க முதல்ல! ஷெல்டர் வழியா அனுப்பப் பாக்காம ரூமுக்குப் போற நடைபாதைய ரவுட்டர் நேராப் பாக்குற மாதிரி ஒரு எடத்துல, தலை ஒசரத்துல வைங்க. நான் ஷூ கேபினட் மேல வச்சிருக்கேன். ஆன்டெனா எல்லாத்தையும் ஒரே மாதிரி நிக்க விடாம ஒண்ண கொஞ்சம் சாச்சு விடுங்க. இதுக்கப்புறமும் வரலனாதான் மெஷ், அதாவது சிக்னல நீட்டிக்கிற இன்னொரு ரவுட்டர் டப்பா, அதையும் கேபிள்ல இழுத்தா நல்லது, இல்லனா நடுவழியிலயே பாதி போயிடும்.

செங்காங் அப்பா:
நேத்து வேலை முடிஞ்சு முஸ்தபா கடைல 10 மீட்டர் கேட் 6 வாங்கிட்டு வந்தேன். கேபிள மட்டும் மாத்திட்டு மொதல்ல டெஸ்ட் பண்ணேன், வேன் 1000, ஹால்ல ஃபோன்ல 610. அம்மா ரூம்ல அப்பவும் 22தான். அப்புறம் சுவத்தோரமா கேபிள ஓட்டி ரவுட்டர நடைபாதை முனைல இருக்கிற சாமி ஷெல்ஃபுக்குப் பக்கத்துல வச்சேன், அம்மா கட்டில்ல உக்காந்து பாத்தா 185. சேனலும் தம்பி சொன்ன 149 வச்சாச்சு. ராத்திரி பெரியம்மா புது மருமகளக் காட்டுனாங்க, வளையல் வரைக்கும் தெளிவாத் தெரிஞ்சுது, முக்கா மணி நேரம் பேசிகிட்டே இருந்தாங்க. மூணு பேருக்கும் மனசார நன்றி.

ஒரே ஒரு சந்தேகம், பிரிண்டர் மட்டும் கனெக்ட் ஆக மாட்டேங்குது, மகளுக்கு ஸ்கூல் வொர்க்‌ஷீட் அடிக்கணும்.

தெம்பனிஸ் தம்பி:
பழைய பிரிண்டர்னா 2.4 மட்டும்தான் புடிக்கும் ப்ரோ. ரவுட்டர் செக்யூரிட்டில (வைஃபை பூட்டு முறை) புதுசான டபிள்யூபிஏ3 மட்டும்னு இருந்தா பழைய டபிள்யூபிஏ2வும் சேந்த மாதிரி வைங்க, 2.4க்குத் தனிப் பேர் குடுத்து பிரிண்டர அதுல போடுங்க.

செங்காங் அப்பா:
வந்துருச்சு, அடிச்சுகிட்டு இருக்கு!

கேபிள் அண்ணன்:
சந்தோஷம் தம்பி. அந்தப் பழைய கேபிள மறுபடி டிராயர்ல போட்டுடாதீங்க, ரெண்டு பக்க முனையையும் வெட்டிட்டுத் தூக்கிப் போடுங்க.