நொக்ஸ், தோணி: வாசிச்ச ஆக்கள் சொல்லுங்கோ

கேள்வி: திருமலை ஆக்களே, போன கிழமை ரெண்டு புத்தகம் மாறி மாறி வாசிச்சனான், ஒண்டு ரொபேட் நொக்ஸ் எண்ட ஆங்கிலேயக் கடலோடி 1681ல இலங்கையைப் பற்றி வெளியிட்டது, மற்றது எங்கட மூதூர் வ.அ.இராசரத்தினத்தின்ர 'தோணி' கதைகள். உங்களுக்கு எது பிடிச்சது?

பதில் 1: நொக்ஸ்தான் அண்ணா. 1660ல கொட்டியாரக் குடாவில பிடிபட்டு கிட்டத்தட்ட 19 வருசம் கண்டி ராச்சியத்தில கிடந்த மனுசன், காய்ச்சலில செத்த தகப்பனை தானே புதைக்கிற இடத்தில எனக்கு நெஞ்சடைச்சுப் போச்சு. ஒரு பின்னல் தொப்பியைக் குடுத்து ஒரு பைபிள் வாங்கிறார் பாருங்கோ, அதை ரெண்டு தரம் வாசிச்சனான். ஆனா ராசாவைப் பற்றி எழுதினதை அப்பிடியே நம்பேலாது, கைதியின்ர கண் அது.

பதில் 2: எனக்கு தோணிதான். என்ர அப்பா அடுத்தவையின்ர தோணியில கூலிக்குப் போனவர், கதையில வாற பொடியன் சொந்தத் தோணிக்கு ஏங்கிறதை வாசிக்கேக்க அப்பாவின்ர கயிறு அறுத்த உள்ளங்கைதான் கண்ணுக்க நிண்டது.

பதில் 3: அக்கா, அப்ப இராசரத்தினத்தின்ர 'ஒரு வெண்மணற் கிராமம் காத்துக் கொண்டிருக்கிறது' நாவலையும் கட்டாயம் வாசியுங்கோ, நூலகம் இணையத்தளத்தில தேடிப் பாருங்கோ.