டிஎஸ்808 நகல்: பைபாஸில் சரியா இருக்கு, ஆன் பண்ணினா கிணத்துக்குள்ள இருந்து கேக்குது

ஈசூன்_கிட்டார் எழுதியது:

வணக்கம். பழைய ஐபனெஸ் டிஎஸ்808 டியூப் ஸ்க்ரீமர் (கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெடல்) சர்க்யூட்டை வெரோ போர்டில் (செம்புப் பட்டையும் ஓட்டைகளும் உள்ள பலகை) கட்டியிருக்கேன். விவரம்:

சிப் டெக்சாஸ் ஆர்சி4558பி, சாக்கெட்டில். டையோடு ரெண்டும் 1என்914. 2எஸ்சி1815 கிடைக்கலை, அதனால ரெண்டு இடத்திலயும் 2என்3904, தட்டைப் பக்கம் வரைபடத்தில இருக்கிற அதே திசையில. திருகுற பாட்டெல்லாம்: ட்ரைவ் (கரகரப்பு அளவு) ஏ500கே, லெவல் (சத்த அளவு) 100கே, டோனுக்கு 20கே டபிள்யூ டேப்பர் (திருகும்போது மதிப்பு மாறுற விதம்) இல்லாததால 25கே லீனியர். 51 பைக்கோ ஃபாரட் கிடைக்காம 47 போட்டேன், மேல "470"ன்னு அச்சிருக்கு. கால் சுவிட்ச் 3பிடிடி, ட்ரூ பைபாஸ் (அணைச்சா சிக்னல் சர்க்யூட்டைத் தொடாமல் நேராப் போகும்). 9 வோல்ட் அடாப்டர், நடு முனை நெகட்டிவ்.

பைபாஸில் கிட்டார் சுத்தமா வருது. ஆன் பண்ணினா எல்ஈடி எரியுது, ஆனா லெவலை முழுசா திருப்பினாலும் ரொம்ப மெல்லிசான சத்தம்தான். ட்ரைவ் எங்க வச்சாலும் பெருசா வித்தியாசமில்லை. எங்கிருந்து தேட ஆரம்பிக்கணும்? இன்னொண்ணு: ஆன்லைனில் விக்கிற பழைய ஜேஆர்சி4558டி சிப் வாங்கிப் போட்டா 808 சத்தம் நெருங்கி வருமா?

சிராங்கூன்_சால்டர் எழுதியது:

"தட்டைப் பக்கம் அதே திசையில" என்று எழுதியிருக்கீங்களே, சந்தேகம் அங்கேதான். 2எஸ்சி1815இன் தட்டைப் பக்கத்தை நம்மைப் பார்த்து வைத்தால் கால்கள் இடமிருந்து வலம் எமிட்டர், கலெக்டர், பேஸ். 2என்3904இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். நடுக்காலும் வலக்காலும் இடம் மாறிப்போகுது. ஆனா எதையும் இப்பவே பிடுங்க வேண்டாம், முதலில் அளந்து பாருங்க.

மீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டில் வைத்து, கிட்டார் செருகாமல்:

சிப்பின் 8ஆம் கால் 9 வோல்ட் பக்கம், 4ஆம் கால் பூஜ்யம், மீதி ஆறு கால்களும் 4.5 வோல்ட்டை ஒட்டி இருக்கணும். 4.5 எங்கேயும் இல்லைன்னா இரண்டு 10கே ரெசிஸ்டரும் 47 மைக்ரோ மின்தேக்கியும் சேர்ந்த பயஸ் பகுதியைப் (அந்த 4.5ஐ உண்டாக்கும் இடம்) பாருங்க. 1ஆம் கால் மட்டும் 9 பக்கமோ பூஜ்யம் பக்கமோ ஒட்டிக்கிடந்தா ஃபீட்பேக் பாதை எங்கேயோ அறுந்திருக்கு. 51கே, ட்ரைவ் பாட் ஒயரைத் தடவிப் பாருங்க.

டிரான்சிஸ்டர் எமிட்டர் 3 வோல்ட் சுற்றி வரும். பேஸுக்கு 510கே வழியா கரண்ட் போவதால் அது 4.5இல் இருந்து கொஞ்சம் இறங்கித்தான் நிற்கும், எமிட்டர் அதற்கும் 0.6 கீழே. எச்எஃப்ஈ (கரண்ட்டைப் பெருக்கும் அளவு) கூடின டிரான்சிஸ்டர் என்றால் இன்னும் கொஞ்சம் மேலே வரும். சரியான எண் முக்கியமில்லை, 0 அல்லது 8க்கு மேல் வந்தால்தான் கோளாறு.

காலாங்_கம்பி எழுதியது:

அவர் சொன்னதோட ஒண்ணு. மின்தேக்கி அச்சைப் பற்றி நிறையப் பேர் தடுமாறுவாங்க, அதனால சொல்றேன். மூன்று இலக்க அச்சில் கடைசி இலக்கம் எத்தனை பூஜ்யம் என்று சொல்லும். 470 என்றால் 47 பைக்கோ, உங்களுடையது சரிதான். 471 என்றால் 470 பைக்கோ. அது உள்ளே போனால் ட்ரைவ் குறைவா இருக்கும்போது ஒண்ணும் தெரியாது, கூட்டக் கூட்ட சத்தம் மந்தமாகும். முழு ட்ரைவில் 551கேயோட (51கேயும் ட்ரைவ் 500கேயும் சேர்ந்தது) 47 பைக்கோ சேர்ந்தால் மேல் அலைவரிசை வெட்டுப்படுவது 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம், 470 பைக்கோ சேர்ந்தால் 600 ஹெர்ட்ஸ் பக்கமே வந்துடும். உங்க அறிகுறி அது இல்லை.

473 என்பது 0.047 மைக்ரோ. அது 4.7கேயோட சேர்ந்து தரைக்குப் போற இடம்தான் இந்தப் பெட்டியின் குணமே: 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெயின் (பெருக்கம்) இறங்கிக்கிட்டே போகும், தாழ்ந்த சத்தம் குழம்பாமல் நடு அலைவரிசை முன்னால் வரும். கெயின் கணக்கும் அதே 4.7கேதான். ட்ரைவ் பூஜ்யத்தில் 51ஐ 4.7ஆல் வகுத்து ஒன்று கூட்டினா கிட்டத்தட்ட 12. முழுசா திருப்பினா 551ஐ வகுத்து 118. அந்த ஒரு ரெசிஸ்டரை 47கேன்னு தப்பாப் போட்டால் பெடல் வேலை செய்யும், டிஸ்டார்ஷன் (கரகரப்பு) மட்டும் ரொம்பக் குறைஞ்சுடும். மஞ்சள், ஊதாவுக்கு அடுத்த பட்டை சிவப்பா ஆரஞ்சான்னு பார்த்துக்குங்க. ஐந்து பட்டை ரெசிஸ்டர்னா நிறத்தை நம்பாதீங்க, மீட்டரில் அளந்திடுங்க.

ஈசூன்_கிட்டார் எழுதியது:

அளந்துட்டேன். சிப்: 8ஆம் கால் 8.9, 4ஆம் கால் 0, மற்றதெல்லாம் 4.4 முதல் 4.5 வரை. முதல் டிரான்சிஸ்டர் இடமிருந்து வலம் 8.2, 8.9, 8.2. இரண்டாவதும் அதே மாதிரிதான்.

சிராங்கூன்_சால்டர் எழுதியது:

அப்போ அதேதான். கலெக்டருக்கான ஓட்டையில் இப்ப உங்க பேஸ் உட்கார்ந்திருக்கு, அதாவது பேஸ் நேரா சப்ளையில். எமிட்டர் அதிலிருந்து 0.7 இறங்கி 8.2. சிக்னல் கலெக்டருக்குள் போகுது. டிரான்சிஸ்டர் முழுசா திறந்து கிடப்பதால் அந்தச் சிக்னல் சப்ளை பக்கமே வடிஞ்சுடுது. உள்ளே ஒரு தடவை, வெளியே வரும்போது இன்னொரு தடவை. நடுவில் சிப் எவ்வளவு பெருக்கினாலும் மிச்சம் அவ்வளவுதான்.

டிரான்சிஸ்டர் செத்திருக்காது. எமிட்டரில் 10கே இருப்பதால் ஓடியது 1 மில்லியாம்புக்கும் குறைவு. கழற்றி, இடது கால் அப்படியே, நடுக்காலையும் வலக்காலையும் குறுக்கே மாற்றி, நடுக்காலில் ஒயர் தோல் துண்டு ஒன்றை மாட்டித் திரும்பப் போடுங்க. திருப்பிப் போட்டால் சரியாகுமா என்று கேட்காதீங்க, ஆகாது. பேஸ் நடுவில் இருக்கும் டிரான்சிஸ்டர் எதைத் திருப்பினாலும் பேஸ் நடுவிலேயேதான் இருக்கும். பிசி549க்கும் இதே கதை. கால் மாற்றப் பிடிக்கலைன்னா கேஎஸ்சி1815 தேடுங்க, கால் வரிசை அசலோடு ஒத்துப்போகும்.

வெரோ போர்டில் சூடு அதிக நேரம் வைத்தால் செம்புப் பட்டை உரிஞ்சு வரும். இரும்பு 350 டிகிரி, ஒவ்வொரு காலுக்கும் இரண்டு மூன்று விநாடி. முதலில் கொஞ்சம் புது ஈயம் சேர்த்துவிட்டு உறிஞ்சினா சுலபமா வரும். முடிஞ்சதும் பட்டைகளுக்கு நடுவே கத்தி முனையால் ஒரு கோடு இழுத்திடுங்க, கண்ணுக்குத் தெரியாத ஈயப் பாலம் அறுந்துடும்.

அப்புறமும் சத்தம் வரலைன்னா, பழைய கேபிளின் நடுக்கம்பியில் 0.1 மைக்ரோ மின்தேக்கி ஒன்றை வைத்து, மறுமுனையை ஆம்ப்பில் செருகி, உள்ளே இருந்து வெளியே ஒவ்வொரு புள்ளியாத் தொட்டுப் பாருங்க. எங்கே சத்தம் நிற்குதோ கோளாறு அங்கே. ஆம்ப் வால்யூமை மட்டும் குறைச்சு வையுங்க.

புக்கிட்_பட்டர் எழுதியது:

சிப் கேள்விக்குப் பதில் யாரும் சொல்லலை. அசல் பெட்டி 1970களின் இறுதியில் மேக்ஸான் ஐபனெஸுக்காகச் செய்தது, அதில் ஜேஆர்சி4558டி இருந்தது உண்மை. ஆனா ஒலியைத் தீர்மானிப்பது அந்த 720 ஹெர்ட்ஸ் கணக்கும், டையோடு ஃபீட்பேக்கில் உட்கார்ந்திருப்பதும், பிறகு வரும் 1கே, 0.22 மைக்ரோ வடிகட்டியும்தான். ஆன்லைனில் மேல் அச்சை மாற்றி விற்கிற சிப் ஏராளம், காசைக் கரியாக்காதீங்க. சாக்கெட் இருக்கே, டிஎல்072 போட்டுப் பாருங்க, கால் வரிசை ஒண்ணுதான். பெரிய வித்தியாசம் தெரியாது.

808க்கும் அதுக்கு அடுத்து வந்த டிஎஸ்9 பெடலுக்கும் வித்தியாசம் வெளியே போற இடத்தில் இரண்டு ரெசிஸ்டர்: 808இல் தொடரில் 100 ஓம், தரைக்கு 10கே, டிஎஸ்9இல் 470 ஓம், 100கே. 1 மெக் உள்ளீடு உள்ள ஆம்ப்பில் நேராச் செருகினா வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

காலாங்_கம்பி எழுதியது:

சிப் விஷயத்தில் பாதிதான் ஒத்துக்கிறேன். முழு ட்ரைவில் 4558க்கும் டிஎல்072க்கும் மேல் பக்கக் கூர்மையில் வித்தியாசம் கேக்குது, சின்னதுதான். ஆனா அதுக்குப் புது 4558 எதுவா இருந்தாலும் போதும், பழசு தேட வேண்டியதில்லை.

டோன் பாட் 25கே லீனியர் வேலை செய்யும். மாற்றம் இரண்டு முனைகளிலும் குவிஞ்சு, நடுவில் மந்தமா இருக்கும். பழகிக்கலாம்.

ஈசூன்_கிட்டார் எழுதியது:

கால் மாத்திப் போட்டாச்சு. எமிட்டர் இப்ப 3.1, 3.0. சத்தம் முழுசா வருது, ட்ரைவும் வேலை செய்யுது! நன்றி அண்ணே. இன்னும் ரெண்டு: சுவிட்சை மிதிச்சா "டப்"னு அடிக்குது, பெட்டி மூடாததால ஹம்மும் இருக்கு. 1590பி பெட்டி வாங்கணும், சிம் லிம் ஸ்குவேரில் கிடைக்குமா?

சிராங்கூன்_சால்டர் எழுதியது:

ஸ்குவேர் இல்லை, சிம் லிம் டவர். ஸ்குவேர் கணினிக் கடைகள், டவர்தான் உதிரி பாகம். அலுமினியப் பெட்டி எல்லாக் கடையிலும் இருக்காது, ஆன்லைனில் சுலபம். 16 மில்லிமீட்டர் பாட்டோட 1590பி நெருக்கும், முதல் பெட்டிக்கு அதைவிடப் பெரிய 125பி நல்லது. ஓட்டை: பாட்டுக்கு 7, ஜாக்குக்கு 10, 3பிடிடிக்கு 12 மில்லிமீட்டர். ஸ்டெப் டிரில் இருந்தா ஒரே பிட்டில் முடியும். வீவக அடுக்குமாடி வீட்டில் ராத்திரி துளை போடாதீங்க, மேல் வீட்டுக்காரர் வந்து நிப்பார்.

"டப்" சத்தத்துக்கு, உள்ளீட்டு மின்தேக்கிக்கு முன்னால் தரைக்கு 1 மெக் ரெசிஸ்டர் ஒன்று. பைபாஸில் அந்த முனை அந்தரத்தில் தொங்குவதால் மின்தேக்கியில் மிச்ச வோல்ட்டேஜ் நிக்குது, ஆன் ஆகும்போது அது இறங்குறதுதான் கேக்குது.

ஹம் பெட்டி மூடினதும் பெரும்பாலும் போயிடும், ஒரு நிபந்தனையோட: பெட்டி கிரவுண்டில் இருக்கணும். பிளாஸ்டிக் உடல் ஜாக் பெட்டியைத் தொடாது, தனி ஒயர் இழுக்கணும். உலோக ஜாக் என்றால் ஓட்டையைச் சுற்றி உள்பக்கம் பெயின்டைச் சுரண்டுங்க. உள்ளீட்டு ஒயரையும் வெளியீட்டு ஒயரையும் பக்கத்துப் பக்கத்தில் கட்டாதீங்க, முழு ட்ரைவில் விசிலடிக்கும்.